கிளிஞ்சலில் பிறந்த ஓர் எழுத்து

காரைக்கால் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. அதை ஒட்டிய கரையில் காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு என்று இன்னும் பல 'மேடு'கள் உண்டு. கடலோர மணல் மேட்டில் குடியேறியவர்கள் தங்கள் ஊருக்கு அப்படிப் பெயர் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. இவற்றுள் கிளிஞ்சலைப் பெயரிலேயே தாங்கி நிற்பது இந்த ஊர்.

அந்த ஊர்ப் பெண் ஒருத்தி எங்கள் கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு படிக்க வந்தாள். வகுப்பின் முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து பெயரும் ஊரும் சொன்னார்கள். இவள் முறை வந்ததும் "காரைக்கால்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். பின்பெஞ்சிலிருந்து யாரோ "கிளிஞ்சல்!" என்று குரல் கொடுக்க, வகுப்பே சிரித்தது. அவள் தலை நிமிரவில்லை. பள்ளியிலும் அதுதான் அவளுக்குப் பட்டப்பெயராம்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் என்னிடம் வந்து, "சார், இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய ஒரு சீன எழுத்து. அவளுடைய அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வேலை செய்கிறார். அங்கே அவருடன் பணிபுரியும் சீனர் ஒருவர், சூசௌ என்னும் நகரத்துக்காரர், "உன் ஊர்ப் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்னதும் அந்த மனிதர் துள்ளிக் குதிக்காத குறைதான். "அது என் குடும்பப் பெயர் ஆயிற்றே!" என்று சொல்லி இந்த எழுத்தை எழுதிக் காட்டினாராம்.

"ஒருத்தர் பெயரே கிளிஞ்சலாமே, சார்! அவரை யாரும் கேலி பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் விடை இல்லை. இயற்பியல் வாத்தியாருக்குச் சீன மொழி எங்கே தெரியும்? நூலகத்தில் தேடினேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். தேடத் தேட, அந்த ஒற்றை எழுத்து என்னை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய்விட்டது. வாருங்கள், நீங்களும் என்னோடு வாருங்கள்.

எழுதிப் பாருங்கள்

முதலில் அந்த எழுத்தை நாமே எழுதிவிடுவோம். நோட்டில் அகலம் குறைந்த, உயரம் கூடிய ஒரு பெட்டி போடுங்கள். அதனுள் இடமிருந்து வலமாக இரண்டு படுக்கைக் கோடுகள் இழுங்கள். பெட்டி மூன்று அறைகளாகப் பிரிந்துவிட்டதா? இப்போது பெட்டியின் அடியில் இரண்டு குட்டைக் கால்கள்: ஒன்று இடப்பக்கம் சாய்ந்து, மற்றொன்று வலப்பக்கம் சாய்ந்து. அவ்வளவுதான். ஏழே கோடுகள். இதன் ஒலி 'பெய்'. பொருள் கிளிஞ்சல், சிப்பி, சோழி.

1956-க்குப் பிறகு சீனாவில் எழுத்துகளை எளிமையாக்கினார்கள். உள்ளே இருந்த படுக்கைக் கோடுகளும் பெட்டியின் அடிக்கோடும் போய், கால்கள் இரண்டும் உள்ளே ஏறிக்கொண்டன. ஏழு கோடு நான்கு கோடாயிற்று. சீனாவிலும் சிங்கப்பூரிலும் இன்று அச்சாவது இந்த நான்கு கோட்டு வடிவம்தான். தைவானிலும் ஆங்காங்கிலும் பழைய ஏழு கோட்டு வடிவம் வழக்கில் இருக்கிறது.

"இதில் கிளிஞ்சல் எங்கே இருக்கிறது? கால் முளைத்த அலமாரி போல அல்லவா இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர் எழுத்தின் இன்றைய முகத்தை மட்டும் பார்த்து அதன் பிறப்பைச் சொல்ல முடியாது. அதன் குழந்தைப் பருவப் படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எலும்பில் எழுதிய எழுத்து

அந்தப் பழைய படம் கிடைத்தது எலும்புகளில்! சீனாவில் ஷாங் மரபு மன்னர்கள் ஆண்ட காலத்தில், அதாவது ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன், அரசர்கள் குறி கேட்பதற்கு மாட்டின் தோள் எலும்பையும் ஆமையின் வயிற்று ஓட்டையும் பயன்படுத்தினார்கள். எலும்பில் சூடு வைப்பார்கள்; விரிசல் விடும்; விரிசலின் போக்கைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். கேட்ட கேள்வியை அந்த எலும்பிலேயே கீறி எழுதியும் வைப்பார்கள். 'மழை பெய்யுமா? போரில் வெல்வோமா? அரசிக்குப் பல்வலி தீருமா?' இப்படியான கேள்விகள்.

பின்னாளில் இந்த எலும்புகள் வயல்களில் கிடைத்தபோது, டிராகன் எலும்பு என்று நாட்டு மருந்துக் கடைகளில் விற்றார்கள். 1899-ஆம் ஆண்டில் வாங் யீரோங் என்ற அறிஞர்தான் அவற்றில் இருப்பது பண்டை எழுத்து என்று கண்டுகொண்டார். 1928 முதல் அன்யாங் நகருக்கு அருகே முறையான அகழாய்வு நடந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

அந்த எலும்புகளில் 'பெய்' எழுத்து எப்படி இருக்கிறது தெரியுமா? பெட்டியும் இல்லை, அலமாரியும் இல்லை. இரு பக்கமும் வளைந்து, நடுவில் பிளந்த ஒரு சோழியின் அடிப்பக்கம் அப்படியே தெரிகிறது. உங்கள் வீட்டுப் பல்லாங்குழிச் சோழி ஒன்றைக் குப்புறக் கவிழ்க்காமல், வாய் மேலே தெரியும்படி வைத்துப் பாருங்கள். அந்தப் படம்தான். பிற்காலத்தில் தூரிகையால் வேகமாக எழுத எழுத வளைவுகள் நிமிர்ந்தன. வளைந்த உடல் பெட்டியாயிற்று. கீழே பிரிந்த இரு நுனிகள் கால்களாயின.

கிளிஞ்சலா, சோழியா?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாம் கிளிஞ்சல் என்று சொல்வது பெரும்பாலும் இரண்டு ஓடுகள் கீல் போட்டதுபோல் இணைந்திருக்கும் சிப்பி வகையை. சோழி அப்படியன்று. அது நத்தை, சங்கு ஆகியவற்றின் இனம், ஒரே ஓடுதான். உயிரோடு இருக்கும்போது சோழிப் பூச்சி தன் உடலின் மெல்லிய சதைப் போர்வையால் ஓட்டின் வெளிப்புறத்தையும் மூடிக்கொள்கிறது. அதனால்தான் ஓடு தேய்மானம் இல்லாமல் மெருகேற்றியதுபோல் பளபளக்கிறது.

சோழிக்குத் தமிழில் பலகறை என்றும் கவடி என்றும் பெயர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் பலகறை பற்பம் இருக்கிறது. சீன மொழியின் 'பெய்' என்ற சொல் முதலில் சோழியைக் குறித்து, பிறகு ஓடுள்ள கடல் உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக விரிந்தது.

சரி, அன்யாங் நகரம் கடலிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள கடலும் குளிர்ந்த கடல். காசுச் சோழியோ வெப்பக் கடலில் வாழ்வது. பிறகு எப்படி அங்கே சோழி வந்தது? 1976-இல் அன்யாங்கில் ஃபூ ஹாவ் என்ற ஷாங் அரசியின் கல்லறையைத் திறந்தார்கள். திருடர் கை படாத கல்லறை அது. வெண்கலக் கலங்கள், பச்சைக்கல் அணிகள் இவற்றோடு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சோழிகள் அதில் இருந்தன! தொலைதூரத் தெற்குக் கடல்களிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தவை அவை. இந்தியப் பெருங்கடலிலிருந்து வந்தவை என்று ஒரு சாராரும், தென்சீனக் கடலிலிருந்து வந்தவை என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள்.

எங்கோ தொலைவிலிருந்து வருவது, அழகானது, எளிதில் கிடைக்காதது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது விலைமதிப்புள்ள பொருளாகிவிடும் அல்லவா? அரசன் தன் படைத்தலைவருக்குச் சோழிச் சரங்களைப் பரிசாகக் கொடுத்தான். பரிசு பெற்றவர் அந்தப் பெருமையை வெண்கலக் கலத்தில் எழுத்தாகப் பொறித்து வைத்தார். சோழி போதாதபோது எலும்பிலும் கல்லிலும் வெண்கலத்திலும் போலிச் சோழி செய்துகொண்டார்கள்.

காசான சோழி

சோழி நல்ல காசாகப் பயன்பட்டதற்கு அறிவியல் காரணங்கள் உண்டு. அது கால்சியம் கார்பனேட்டால் ஆனது. உடையாது, துருப்பிடிக்காது, அழுகாது. ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால் எண்ணலாம். எண்ணச் சலித்தால் எடை போடலாம். கள்ள நோட்டு அடிப்பதுபோல் கள்ளச் சோழி செய்வதற்கு ஆகும் செலவு சோழியின் மதிப்பைவிடக் கூடுதல்! லின்னேயஸ் 1758-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'மொனீட்டா' என்று சேர்த்தார். இலத்தீன் மொழியில் அதற்குக் காசு என்று பொருள்.

உலகத்துக்கே சோழி கொடுத்த களஞ்சியம் நம் பக்கத்து மாலத்தீவு. 14-ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கிய இபின் பதூதா, தீவு மக்கள் சோழியை வங்காளத்துக்குக் கொடுத்து அரிசி வாங்கியதை எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பு சீனாவின் யுன்னான் பகுதிக்குப் போன மார்க்கோ போலோ, அங்கே சோழியே காசாகச் செலவாவதையும், அது இந்தியாவிலிருந்து வருவதையும் குறித்திருக்கிறார். யுன்னானில் 17-ஆம் நூற்றாண்டு வரை இந்த வழக்கம் நீடித்தது. இத்தாலியர் சோழியைப் 'போர்ச்செல்லானா' என்றார்கள். சீனத்துப் பளபளப்பான மண்கலத்தைப் பார்த்ததும் அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். அதுதான் இன்றைய 'போர்சிலேன்'.

ஒரு கணக்குப் போடுவோமா? 18-ஆம் நூற்றாண்டில் வங்காளத்துக் கணக்கு இது: 4 சோழி ஒரு கண்டா, 20 கண்டா ஒரு பண், 16 பண் ஒரு காகன், 4 காகன் ஒரு ரூபாய். பெருக்கிப் பாருங்கள். ஒரு ரூபாய்க்கு 5,120 சோழி! 1778-இல் சில்ஹெட் பகுதிக்கு ஆட்சியராகப் போன ராபர்ட் லிண்ட்சே, அங்கே ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் வரி முழுவதும் சோழியாகவே வசூலானதை எழுதியிருக்கிறார். அப்படியானால் மொத்தம் 128 கோடி சோழிகள். ஒரு சோழி ஒரு கிராம்தான் என்று வைத்துக்கொண்டாலும் 1,280 டன்! அதைக் கொட்டி வைக்கக் கிடங்குகள் வேண்டும். டாக்காவுக்கு அனுப்பப் படகுக் கூட்டமே வேண்டும். லிண்ட்சே பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

சோழி குடும்பத்து எழுத்துகள்

சீனாவில் சோழி காசாக இருந்த காலம் போய்விட்டது. கி.மு. 221-இல் நாட்டை ஒன்றாக்கிய சின் மரபினர் சோழியை நிறுத்திவிட்டுச் செப்புக் காசைப் புழக்கத்தில் விட்டார்கள் என்று சூ ஷென் என்ற அறிஞர் கூறுகிறார். அவர் ஏறத்தாழ கி.பி. 100-இல் 9,353 எழுத்துகளுக்கு விளக்கம் சொல்லும் பேரகராதியைத் தொகுத்தவர். ஆனால் கையை விட்டுப் போன சோழி எழுத்தை விட்டுப் போகவில்லை. பணம் தொடர்பான எழுத்துகளில் எல்லாம் அது உட்கார்ந்திருக்கிறது.

சோழியின் மேல் ஒரு வலையைப் போட்டால் 'வாங்கு'. வலை வீசிச் சோழியை அள்ளுவது! நம் மீனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சோழியின் மேல் 'பிரி' என்னும் எழுத்தை வைத்தால் 'ஏழ்மை'. இருந்த சோழியைப் பங்கு போட்டுப் பங்கு போட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. 'சேர்' என்னும் எழுத்தின் கீழே சோழியை வைத்தால் 'வாழ்த்து'. கூரையின் கீழே பச்சைக்கல், மண்சாடி, சோழி மூன்றையும் வைத்தால் 'புதையல்'. செல்வம், சரக்கு, பேராசை ஆகியவற்றிலும் சோழி உண்டு. இவற்றில் பலவற்றில் ஒரு பாதி பொருளையும் மறுபாதி ஒலியையும் காட்டும். சீன எழுத்துகளில் பெரும்பான்மை இந்த வகையைச் சேர்ந்தவையே.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'பங்' என்னும் எழுத்து. பண்டைய எலும்புகளில் அது அருகருகே தொங்கும் இரண்டு சோழிச் சரங்களின் படம். அன்று அது சோழியை எண்ணும் அளவு. இன்று அதற்குப் பொருள் என்ன தெரியுமா? நண்பன்!

இயற்பியல்காரனுக்கு ஒரு வேடிக்கையும் கிடைத்தது. ஒலியின் உரப்பை டெசிபல் என்ற அலகால் அளக்கிறோம். 'பெல்' என்பது அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர். அந்த ஒலியைச் சீனத்தில் எழுத 'பெய்' என்னும் சோழி எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 'டெசி' என்றால் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் 'பிரி' என்னும் எழுத்து. ஆகவே 'பிரி', 'சோழி' என்று இரண்டு எழுத்துகளை வரிசையாக எழுதினால் டெசிபல். அதே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே எழுத்தாக்கினால் ஏழ்மை!

நான் செய்த பிழை

இவ்வளவும் படித்த மகிழ்ச்சியில் ஒரு நாள் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் சோழிக் குடும்பத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அகராதியில் பார்த்த இன்னோர் எழுத்தையும் எழுதினேன். மேலே ஒரு வாய், கீழே சோழி. பொருள் 'ஊழியர், உறுப்பினர்'. "வாய்க்குச் சோழி கொடுத்தால் வேலை செய்கிறவர், அதாவது சம்பளக்காரர்!" என்று விளக்கமும் சொன்னேன். வகுப்பு கைதட்டியது.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். "சார், அண்ணன்கிட்ட நீங்க சொன்னதைச் சொன்னேன். அந்தச் சீனக்காரர் அது தப்புங்கிறாராம். பழைய எழுத்தில் அது சோழியே இல்லையாம், சார்."

பார்த்தேன். அவர் சொன்னதே சரி. எலும்பிலும் வெண்கலத்திலும் அந்த எழுத்தின் கீழ்ப்பகுதி சோழியாக இல்லை. கால்கள் வைத்த வெண்கலக் கொப்பரையாக இருக்கிறது. மேலே இருப்பது வாயும் அன்று, ஒரு வட்டம். கொப்பரையின் வட்டமான வாய். ஆகவே முதற்பொருள் 'வட்டம்'. காலப்போக்கில் கொப்பரையின் படம் தேய்ந்து தேய்ந்து சோழிப் பெட்டி போல ஆகிவிட்டது. பெண்களுக்குப் பெயராக வைக்கும் 'உறுதி, நேர்மை' என்னும் பொருளுடைய 'ஜன்' எழுத்திலும் இதே கதைதான். பார்வைக்குச் சோழி, பிறப்பால் கொப்பரை.

திமிங்கலம் மீனைப் போல இருப்பதால் மீனாகிவிடுமா? நீரில் நீந்துவதற்கு ஏற்ற வடிவத்தை இரண்டும் தனித்தனியே பெற்றன. எழுத்துகளிலும் அப்படித்தான், வேகமாக எழுத ஏற்ற வடிவத்துக்கு வெவ்வேறு படங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தோற்ற ஒற்றுமை ஒரு துப்புதான்; சான்று ஆகாது. இதைத்தானே நான் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் சொல்கிறேன்! மறுநாள் வகுப்பில் என் விளக்கத்தை நானே அடித்துத் திருத்தினேன். யார் திருத்தியது என்பதையும் சொன்னேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பெயரில் வாழும் கிளிஞ்சல்

இப்போது அவளுடைய முதல் கேள்விக்கு வருவோம். கிளிஞ்சல் என்று பெயர் கொண்டவரைக் கேலி செய்வார்களா?

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தின் முன் கண்ணாடிப் பிரமிடு ஒன்று நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1989-இல் திறக்கப்பட்ட அதன் உயரம் ஏறத்தாழ 21 மீட்டர். அதை வடிவமைத்தவர் ஐ. எம். பெய். அவருடைய குடும்பப் பெயர் நம் கிளிஞ்சல் எழுத்துத்தான்! சீனர் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். அவர் முழுப்பெயர் மூன்று எழுத்து: கிளிஞ்சல், தூரிகை, பொறித்த எழுத்து. 1917-இல் குவாங்சௌ நகரில் பிறந்தவர். அவர் குடும்பத்தின் பூர்வீகம் சூசௌ. 1935-இல் அமெரிக்கா சென்று கட்டடக்கலை படித்தார். 1983-இல் கட்டடக்கலைக்கான உயரிய பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றார். 2019-இல் 102-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய தந்தையின் தொழில் என்ன தெரியுமா? வங்கி! சீன வங்கியின் ஆங்காங்கு கிளையை நடத்தியவர். 1946-47-இல் சீன மைய வங்கியின் ஆளுநராகவும் இருந்தார். பெயரில் சோழி, தொழிலில் காசு. பின்னர் மகன் அதே சீன வங்கிக்கு ஆங்காங்கில் 72 மாடிக் கோபுரம் வடிவமைத்தார். 1990-இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் முகமெங்கும் முக்கோணங்கள். நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி அமுக்கினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் சாயாது. புயற்காற்று வீசும் ஊரில் கோபுரம் நிற்பதற்கு அதுதான் வலிமை.

அந்தக் குடும்பப் பெயர் எப்படி வந்தது? அந்தக் குலத்தார் சொல்லும் மரபுக் கதையில் ஓர் ஊர் வருகிறது. சீனாவின் ஷாண்டோங் பகுதியில் பண்டைக் காலத்தில் இருந்த ஊர். அதன் பெயர் பெய்ச்சியூ. 'பெய்' என்றால் கிளிஞ்சல் என்பது தெரியும். 'ச்சியூ' என்றால் என்ன? மேடு!

ஆம், கிளிஞ்சல்மேடு! அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்தே குடும்பப் பெயராயிற்று என்கிறார்கள். சிங்கப்பூரில் அந்தச் சீனத் தோழர் ஏன் துள்ளினார் என்று இப்போது புரிகிறதா?

ஜப்பானியரும் இதே எழுத்தைக் கடன் வாங்கி 'காய்' என்று ஒலிக்கிறார்கள். ஒசாகாவை அடுத்து காய்சூகா என்று ஒரு நகரம் இருக்கிறது. காய்சூகா என்ற குடும்பப் பெயரும் உண்டு. அதற்கும் பொருள் கிளிஞ்சல்மேடுதான். கற்கால மக்கள் சிப்பியைத் தின்றுவிட்டு ஓடுகளைக் குவித்த மேடுகளுக்குத் தொல்லியலாரும் இதே பெயரை வழங்குகிறார்கள். 1877-இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் யோக்கோகாமாவிலிருந்து டோக்கியோவுக்கு இரயிலில் போகும்போது, ஓமோரி என்ற இடத்தில் மண் வெட்டிய சரிவில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரிவதைச் சன்னல் வழியே பார்த்தார். இறங்கிவந்து தோண்டினார். பானை ஓடுகளும் எலும்புக் கருவிகளும் கிடைத்தன. ஜப்பானின் அறிவியல் முறையிலான தொல்லியல் அந்தக் கிளிஞ்சல்மேட்டில்தான் தொடங்கியது. மற்றவர்களுக்கு அது குப்பை. கண்ணுள்ளவருக்கு அது புத்தகம்.

நம் கரையும் அவர்கள் கரையும்

கிளிஞ்சல்மேட்டையும் சீனத்தையும் இணைப்பது வெறும் பெயர்ப் பொருத்தம் மட்டும் அன்று. இங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே நாகப்பட்டினம். சோழ மன்னர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பினார்கள். 1077-இல் போன தூதருக்கு 81,800 சரம் செப்புக் காசு பதிலுக்குக் கிடைத்ததாகச் சீன வரலாறு குறிக்கிறது. சரம் என்பதைக் கவனியுங்கள். நடுவில் சதுரத் துளையிட்ட செப்புக் காசைக் கயிற்றில் கோப்பார்கள், முன்னோர் சோழியைக் கோத்ததுபோல! அத்தகைய சீனக் காசுகள் தஞ்சைப் பகுதி மண்ணிலும் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. நாகப்பட்டினத்தில் 1867 வரை ஒரு பழைய செங்கல் கோபுரம் நின்றது. அதைச் சீனக் கோபுரம் என்றே அழைத்தார்கள்.

சீனாவின் குவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் கடைசியில் ஒரு வரி சீனம். இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுத்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409-ஆம் ஆண்டு இட்டுப் பொறித்த கல் அது. கொழும்பு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அவருடைய பெரிய கப்பல்களுக்குப் 'புதையல் கப்பல்' என்று பெயர். கூரையின் கீழ் சோழி இருக்கும் அந்தப் 'புதையல்' எழுத்துத்தான்.

செய்து பாருங்கள்

கடற்கரையில் கிடந்த வெறும் கிளிஞ்சல் ஒன்றை எடுத்து வந்து நன்றாகப் பொடியுங்கள். ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துக் குமிழி வரும். அது கார்பன் டை ஆக்சைடு. புட்டியின் வாயில் துளையிட்ட தக்கை வைத்து, மெல்லிய குழாய் மூலம் அந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விடுங்கள். நீர் பால்போல் வெளுக்கும். அந்த வெண்மை என்ன? கால்சியம் கார்பனேட், கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதே பொருள்! கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு நீருக்குள் வாயுவை விட்டால் மறுபடியும் கிளிஞ்சலின் பொருள். சுற்றி வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு நோட்டில் அந்த ஏழு கோட்டு எழுத்தை மூன்று முறை எழுதிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயருக்கு என்ன பொருள் என்றும் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். உடனே நம்பிவிட வேண்டாம், சான்று தேடுங்கள். என் பிழை உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

அந்த மாணவியின் செய்தியைச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் விடமாட்டீர்கள். ஆண்டு இறுதியில் அறிவியல் மன்றக் கூட்டத்தில் மாணவர்கள் கட்டுரை படித்தார்கள். இவள் எடுத்துக்கொண்ட தலைப்பு 'ஓடுகளின் வலிமை'. மேடையேறியதும் வழக்கப்படி பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னாள். சற்று நின்றாள். பிறகு கரும்பலகையில் ஏழு கோடுகளை நிதானமாக வரைந்தாள்.

"என் ஊர் கிளிஞ்சல்மேடு" என்றாள்.